இரண்டு பரீட்சைகளுக்கு இடைப்பட்ட நான்கு ஆண்டுகள்

இலங்கையின் பாடசாலைக் கல்வியைப் பற்றிப் பெற்றோரும் பத்திரிகைகளும் அரசியல்வாதிகளும் பேசும்போது அந்தப் பேச்சு பெரும்பாலும் இரண்டு பரீட்சைகளைச் சுற்றியே நிற்கிறது. ஒன்று, பத்து வயதுப் பிள்ளைகள் எழுதும் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை. மற்றது, பதினாறு வயதை ஒட்டி எழுதப்படும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை. முன்னதில் வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைகளின் படங்கள் பாடசாலை மதிலில் பதாகையாகத் தொங்குகின்றன. பின்னதில் ஒன்பது பாடங்களிலும் 'ஏ' பெற்றவர்களின் பெயர்கள் செய்தியாகின்றன. இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள 6 ஆம் தரம் முதல் 9 ஆம் தரம் வரையான நான்கு ஆண்டுகள், கல்வித் துறையின் வழக்கில் கனிஷ்ட இடைநிலைப் பிரிவு எனப்படும். அங்கே பொதுப் பரீட்சை இல்லை, பதாகை இல்லை, ஆகவே கேள்வி கேட்பாரும் இல்லை. நகரத்துப் பாடசாலையில் இந்தக் கவனக்குறைவைப் பெற்றோரின் பணமும் தனியார் வகுப்புகளும் ஓரளவு ஈடுசெய்துவிடுகின்றன. மட்டக்களப்பு மாவட்டத்தின் மாங்கேணி போன்ற ஊர்களில் ஈடுசெய்ய எதுவும் இல்லாமையால், பிள்ளையின் படிப்பு முறிவது இந்த நான்கு ஆண்டுகளுக்குள்தான் நடக்கிறது. சாதாரண தரப் பெறுபேறு அந்த முறிவைக் காலம் கடந்து பதிவு செய்கிறது.

மாங்கேணி, மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலை நோக்கிச் செல்லும் ஏ-15 வீதியில், வடக்கே ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தொலைவில், கடலுக்கும் களப்புக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலத்தில் அமைந்துள்ள ஊர். நிர்வாகத்தில் அது கோறளைப்பற்று வடக்குப் பிரதேச செயலகப் பிரிவுக்குள், அதாவது பொதுவாக வாகரை என்று சொல்லப்படும் பிரதேசத்துக்குள் அடங்குகிறது. கல்வி நிர்வாகத்தில் கல்குடா வலயத்தைச் சேர்ந்தது. கடற்றொழில், களப்பில் இறாலும் நண்டும் பிடித்தல், மழையை நம்பிய நெல், சேனையில் சோளனும் கச்சானும், கூலி வேலை, மத்திய கிழக்கு நாடுகளுக்குப் போன தாய்மார் அனுப்பும் பணம் ஆகியவையே இப்பகுதிக் குடும்பங்களின் வருவாய். வாகரைக் கரையோரத்தில் தமிழ் பேசி வாழும் கரையோர வேடர் சமூகத்தினரின் பிள்ளைகளும் இதே பாடசாலைகளுக்குத்தான் வருகின்றனர். மட்டக்களப்பு மாவட்டம் கல்வியில் இளைத்த மாவட்டமும் அல்ல. மெதடிஸ்த மிஷனரிமார் 1814 இல் வந்திறங்கிப் பாடசாலை தொடங்கிய நகரமும், சுவாமி விபுலாநந்தர் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பிய கல்லடியும் இந்த மாவட்டத்திலேயே உள்ளன. இருநூறு ஆண்டுக் கல்விப் பெருமை மட்டக்களப்பு வாவிக் கரையிலேயே நின்றுவிட்டது என்று வாகரை மக்கள் குறைப்பட்டால் அதை மறுப்பது எளிதன்று.

ஐந்தாம் தரத்திலிருந்து ஆறாம் தரத்துக்கு மாறும்போது ஒரு பிள்ளைக்கு என்ன நிகழ்கிறது என்பதைச் சற்று விரித்துப் பார்க்க வேண்டும். ஆரம்பப் பிரிவில் ஒரே வகுப்பாசிரியர் நாள் முழுவதும் பிள்ளைகளோடு இருக்கிறார். தாய்மொழி, கணிதம், சமயம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்ற நான்கே முதன்மைப் பாடங்கள். எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வந்தது, எந்தப் பிள்ளைக்கு 'ர'வும் 'ற'வும் குழம்புகிறது என்பதெல்லாம் அந்த ஒருவருக்குத் தெரியும். ஆறாம் தரத்தின் முதல் நாளிலிருந்து ஒவ்வொரு பாடவேளை முடிவிலும் மணி அடிக்கிறது, ஆசிரியர் மாறுகிறார், பாடம் மாறுகிறது. தமிழ், சமயம், ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு, புவியியல், குடியியற் கல்வி, சுகாதாரமும் உடற்கல்வியும், இரண்டாம் மொழியாகிய சிங்களம், செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள், சித்திரம் அல்லது சங்கீதம் அல்லது நடனம் அல்லது நாடகம் என்று பன்னிரண்டுக்குக் குறையாத பாடங்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஒவ்வோர் ஆசிரியரும் தத்தம் பாடத்தை அறிவார். பிள்ளையை முழுமையாக அறிந்தவர் எவரும் இல்லை. போதாக்குறைக்கு, 2024 முதல் அரசு ஆரம்பப் பிரிவு மாணவர் எல்லோருக்கும் விரித்த பாடசாலை உணவுத் திட்டம், மாணவர் தொகை மிகக் குறைந்த சிறு பாடசாலைகள் நீங்கலாக, ஐந்தாம் தரத்தோடு நின்றுவிடுகிறது. உடல் மிக வேகமாக வளரத் தொடங்கும் பதினோராவது வயதில் பிள்ளையின் தட்டை எடுத்துவிடும் ஓர் ஏற்பாட்டைத் திட்டமிட்டவர்கள் கருதிச் செய்திருக்க மாட்டார்கள். நிதி எட்டிய இடத்தில் கோடு கிழித்திருப்பார்கள். கோடு விழுந்த இடம்தான் பொல்லாத இடம்.

பாடங்கள் பெருகுவதைவிடப் பெரிய மாற்றம் பாடநூலின் மொழியில் நிகழ்கிறது. வாசிப்பு ஆய்வில் பெயர்பெற்ற அமெரிக்க அறிஞர் ஜீன் சால், 1983 இல் வெளியிட்ட நூலில், பிள்ளைகள் முதலில் வாசிக்கக் கற்கிறார்கள் என்றும் பின்னர் கற்பதற்காக வாசிக்கிறார்கள் என்றும் இரண்டு கட்டங்களைப் பிரித்துக் காட்டினார். முதற் கட்டத்தில் எழுத்தைக் கூட்டி ஒலிப்பதும் தெரிந்த சொற்களை அடையாளம் காண்பதும் போதுமானவை. இரண்டாம் கட்டத்தில் முன்பின் கேட்டிராத சொற்களையும் நீண்ட வாக்கியங்களையும் கொண்டு முன்பின் தெரியாத செய்தியை விளங்கிக்கொள்ள வேண்டும். வறிய குடும்பங்களின் பிள்ளைகள் முதற் கட்டத்தை ஏனையோருடன் சமமாகக் கடந்தாலும் இரண்டாம் கட்டத்தின் வாயிலில் தடுக்கி நின்றுவிடுகிறார்கள் என்பதை அவரும் அவருடைய கூட்டாளிகளும் 1990 இல் எழுதிய மற்றொரு நூலில் காட்டினர். அமெரிக்க ஆங்கிலத்துக்குச் சொல்லப்பட்ட இக்கருத்து இலங்கைத் தமிழ்ப் பாடநூலுக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். வீட்டில் மட்டக்களப்பு வழக்கைப் பேசி, ஐந்தாம் தரம்வரை கதையும் பாட்டும் படித்த பிள்ளை, ஆறாம் தரத்திலிருந்து அடர்த்தி, அட்சரகணிதம், பிரசாரணம் முதலிய கலைச்சொற்களை அடுக்கடுக்காகச் சந்திக்கிறது. அடர்த்தி என்பது ஒரு குறித்த கனவளவில் அடங்கும் திணிவு. அட்சரகணிதம் என்பது எண்ணின் இடத்தில் எழுத்தை வைத்துக் கணிக்கும் முறை. பிரசாரணம் என்பது செறிவு குறைந்த கரைசலிலிருந்து செறிவு கூடியதற்கு மெல்லிய மென்சவ்வு ஒன்றினூடாக நீர் கசிவது. விளக்கமும் கலைச்சொற்களாலேயே ஆகியிருப்பதைக் கவனித்தால் பிள்ளையின் சங்கடம் புரியும். தட்டுத் தடுமாறி வாசிக்கும் ஒரு பிள்ளைக்கு விஞ்ஞானம் கடினமாக இருக்கிறது என்று ஆசிரியர் எழுதும் குறிப்பு பெரும்பாலும் பிழையானது. அதற்குக் கடினமாக இருப்பது வாசிப்பு. வகுப்பேற்றம் ஏறத்தாழத் தானாகவே நிகழ்வதால் அந்தப் பிழை ஏழாம் தரத்துக்கும் எட்டாம் தரத்துக்கும் பிள்ளையோடு கூடவே போகிறது.

இதே வயதில் பிள்ளையின் உள்ளமும் மாறுகிறது. கட்டிளமைப் பருவத்தின் வாயிலில் நிற்கும் பிள்ளைகள் தம் கருத்துக்கு மதிப்பையும், பெற்றோர் அல்லாத ஒரு பெரியவரின் நெருக்கத்தையும், ஓரளவு தன்னுரிமையையும் நாடுகிறார்கள் என்றும், அதே நேரத்தில் இடைநிலைப் பாடசாலை அவர்களுக்கு அளிப்பது கூடுதல் கட்டுப்பாட்டையும் ஆசிரியர்களுடன் கூடுதல் விலகலையும் பிறரோடு ஒப்பிட்டு மதிப்பிடுதலையும் என்றும், இந்தப் பொருத்தமின்மையே படிப்பில் ஆர்வம் சரிவதற்கு முக்கிய காரணம் என்றும் ஜாக்குலின் எக்கிள்ஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1993 இல் வாதிட்டனர். ஆறாம் தரத்துக்கு வந்ததும் பிள்ளை சோம்பேறியாகிவிட்டது என்ற பெற்றோரின் முறைப்பாட்டுக்கு மாங்கேணியில் வேறொரு விளக்கம் தேட வேண்டியதில்லை.

கிராமத்துப் பாடசாலையின் ஆறாம் தரம் நலிவதற்கு இன்னொரு காரணம் வரலாற்றில் உள்ளது. கல்வி அமைச்சர் கன்னங்கராவின் காலத்தில், 1945 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, கிராமப்புறங்களில் விடுதியோடு கூடிய மத்திய மகா வித்தியாலயங்களை நிறுவி, ஐந்தாம் தரத்தில் திறமை காட்டிய வறிய பிள்ளைகளைப் புலமைப்பரிசில் கொடுத்து அங்கே கொண்டுவந்து படிப்பிக்க எண்ணியது. மட்டக்களப்பு மாவட்டத்தில் அந்த எண்ணத்தின் அடையாளமாக வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயம் எழுந்தது. அதன் வளாகத்தில் 1981 இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டு, 1986 இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. பல்கலைக்கழகம் வந்தது பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. ஆனாலும் பதினோரு வயதுக் கிராமத்துப் பிள்ளைக்காகக் கட்டிய கட்டடங்களில் பத்தொன்பது வயது இளைஞர் வந்து அமர்ந்தனர் என்பதை எவரும் கணக்கிட்டதாகத் தெரியவில்லை. புலமைப்பரிசிலோ தன் வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டிருக்கிறது. வாகரைப் பக்கத்தில் சித்தியடையும் சில பிள்ளைகள் வாழைச்சேனைக்கோ மட்டக்களப்புக்கோ போய்விடுகிறார்கள். வசதியுள்ள பெற்றோரும் அவர்களைப் பின்தொடர்ந்து தம் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஊர்ப் பாடசாலையின் ஆறாம் தரத்தில் எஞ்சியவர்கள், தாம் எஞ்சியவர்கள் என்பதைத் தெரிந்துகொண்டே வகுப்புக்கு வருகிறார்கள். ஊரைவிட்டுப் போவதையே வெற்றியின் அளவுகோலாக்கிய ஒரு பரீட்சை, போகாத பெரும்பான்மைக்கு என்ன செய்கிறது என்ற கேள்வி எண்பது ஆண்டுகளாக விடையின்றிக் கிடக்கிறது.

ஆசிரியர் நியமனத்தில் இந்தப் பின்தள்ளல் இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. வாகரைப் பிரதேசப் பாடசாலைகள் கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்ற வகைகளுக்குள் அடங்குவன. அங்கே சேவையாற்றுவோருக்குத் தனிக் கொடுப்பனவும் இடமாற்றத்தில் சலுகையும் உண்டு. சலுகை ஆசிரியரைப் பிடித்து வைப்பதற்குப் பதிலாகப் போவதற்கு வழிசெய்கிறது என்பதே அனுபவம்: குறித்த ஆண்டுகளை முடித்தவுடன் இடமாற்றம் கேட்டுப் போகும் இளம் ஆசிரியரைக் குறைசொல்ல முடியாது, ஏனெனில் அவர் விடியுமுன் பஸ் ஏறி, மாலையில் வீடு திரும்பும்போது களைத்துப்போகிறார். எஞ்சியிருக்கும் ஆசிரியர்களை நேரசூசியில் பொருத்தும் அதிபருக்கும் வேறு வழி கிடையாது. வலயத்தின் கூட்டங்களில் அவரிடம் கேட்கப்படுவது சாதாரண தரத்தில் கணிதத்தில் எத்தனை பேர் சித்தியடைந்தார்கள் என்பதே. ஆகவே ஒரேயொரு கணிதப் பட்டதாரி இருந்தால் அவர் 10, 11 ஆம் தரங்களுக்குப் போகிறார், 6 ஆம் தரத்துக் கணிதம் அந்த நேரத்தில் ஓய்வாயிருக்கும் ஏதோவொரு பாடத்து ஆசிரியருக்கு வந்து சேர்கிறது. பின்னமும் விகிதமும் எதிரெண்ணும் புரியாமல் பத்தாம் தரத்துக்கு வந்துவிட்ட மாணவனுக்கு அந்தப் பட்டதாரி என்ன செய்ய முடியும்? மாலை வகுப்பு வைக்கலாம், கடந்தகால வினாத்தாள்களை மனனம் செய்விக்கலாம். அதைத்தான் அவர்கள் செய்துகொண்டிருக்கிறார்கள்.

பெண்பிள்ளைகளின் பிரச்சினை தனியாகச் சொல்லப்பட வேண்டியது. பெரியபிள்ளையாகும் வயது கனிஷ்ட இடைநிலை ஆண்டுகளுக்குள்ளேயே வருகிறது. சாமத்தியச் சடங்குக்காகப் பாடசாலைக்கு வராத நாள்களைவிட, தண்ணீரும் தாழ்ப்பாளும் இல்லாத கழிவறை காரணமாக ஒவ்வொரு மாதமும் விடுபடும் நாள்களே படிப்பைக் கூடுதலாகக் கெடுக்கின்றன. பின்தங்கிய பாடசாலைகளின் மாணவியருக்குச் சுகாதாரத் துவாய் வாங்க 2024 இல் அரசு வவுச்சர் கொடுக்கத் தொடங்கியது பயனுள்ள செயல். அதைப் பயன்படுத்துவதற்கு ஓர் அறையும் வாளித் தண்ணீரும் வேண்டும். தாய் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் மூத்த பெண்பிள்ளை எட்டாம் தரத்திலேயே அடுப்படியைப் பொறுப்பேற்றுக்கொள்கிறாள். ஆண்பிள்ளைகள் களப்புக்குப் போகிறார்கள். இறால் கூடுதலாகப் படும் நாளில் தகப்பனோடு தோணியில் போகும் பன்னிரண்டு வயதுப் பையனுக்குக் கையில் காசு கிடைக்கிறது. வகுப்பில் விளங்காமல் உட்கார்ந்திருந்த பையனுக்கு அந்தக் காசு தரும் மதிப்பு சிறியதன்று.

சட்டம் இதை அறியாததல்ல. 1998 முதல் 5 வயதிலிருந்து 14 வயதுவரை கட்டாயமாயிருந்த பாடசாலைக் கல்வி 2016 இல் 16 வயதுவரை நீட்டப்பட்டது. வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயதும் 2021 இல் 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. இரண்டும் வரவேற்கத்தக்கவை. ஆனால் கட்டாயக் கல்விக்கான குழுக்களிடம் உள்ள கருவி வரவுப் பதிவேடு ஒன்றுதான். ஒரு பிள்ளை பெயரளவில் பதிவேட்டில் இருந்து, வாரத்தில் இரண்டு நாள் வந்து, வந்த நாளிலும் எதுவும் விளங்காமல் திரும்பினால் அது இடைவிலகல் என்று எண்ணப்படுவதில்லை. மாரி காலத்தில் வடகீழ்ப் பருவ மழை களப்பை நிரப்பி உட்பகுதி வீதிகளைத் துண்டிக்கும்போது வரவு இயல்பாகவே குறைகிறது. வழக்கமான ஆண்டொன்றில் மூன்றாம் தவணைப் பரீட்சை அந்த மாதங்களிலேயே வந்து விழுகிறது. கொழும்பின் மழையைப் பார்த்து வகுத்த நாட்காட்டி என்று சொன்னால் அது அவ்வளவு மிகையாகாது.

இத்தனைக்கும் மேலாக, இன்று ஆறாம் தரத்தில் இருக்கும் பல பிள்ளைகளின் பெற்றோரே தம்முடைய ஆறாம் தரத்தை ஒழுங்காகப் படித்து முடிக்காதவர்கள். 2004 டிசம்பர் 26 ஆம் திகதிய ஆழிப்பேரலை வாகரைக் கரையைச் சூறையாடியது. இரண்டு ஆண்டுகள் கழியுமுன் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டு, 2006 நவம்பர் 8 ஆம் திகதி கதிரவெளியில் இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த பாடசாலை மீது எறிகணைகள் விழுந்து பலர் மாண்டனர். 2007 ஜனவரியில் வாகரை இராணுவத்தின் கைக்கு வந்தபோது ஊர்கள் வெறுமையாகிக் கிடந்தன, மக்கள் தெற்கே முகாம்களில் இருந்தனர். அந்த ஆண்டுகளில் பதினொன்று, பன்னிரண்டு வயதாயிருந்தவர்கள் இன்று முப்பதைத் தாண்டியவர்கள். பிள்ளையின் விஞ்ஞானப் புத்தகத்தைத் திறந்து பார்த்து உதவ இயலாத தாயைப் பொறுப்பற்றவள் என்று கல்விக் கூட்டங்களில் பேசுவோர் இந்த வரிசையை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கலைத்திட்டத்தை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை கொழும்பில் பழமையானது. தேர்ச்சியை மையமாகக் கொண்ட கலைத்திட்டம், அதாவது எதை மனனம் செய்தான் என்பதைவிட எதைச் செய்ய வல்லவனானான் என்பதை அளக்க முயலும் திட்டம், 2007 இல் 6 ஆம், 10 ஆம் தரங்களில் தொடங்கியது. அது தொடங்கிய ஆண்டில் வாகரையின் பிள்ளைகள் முகாமிலிருந்து மீள்குடியேறிக்கொண்டிருந்தார்கள். இப்போது, 1 ஆம், 6 ஆம் தரங்களிலிருந்து தொடங்கும் என அறிவிக்கப்பட்ட புதிய சீர்திருத்தம், பாடநூலைச் சிறு தொகுதிகளாகப் பிரிப்பதையும் பரீட்சைச் சுமையைக் குறைப்பதையும் செயற்பாடுகளைக் கூட்டுவதையும் பேசுகிறது. நோக்கம் நல்லது. செயற்பாட்டுக்கு மாங்கேணியில் பொருளுக்கும் பஞ்சமில்லை: களப்பின் உப்புநீரையும் கிணற்று நீரையும் சம கனவளவில் நிறுத்துப் பார்த்து அடர்த்தியைக் கற்பிக்கலாம், கண்டல் மரங்கள் உப்பைத் தாங்கி வளரும் விதத்திலிருந்து பிரசாரணத்துக்குப் போகலாம், வடக்கே சற்றுத் தூரத்தில் உள்ள கதிரவெளியின் பெருங்கற்கால ஈமச் சின்னங்களைக் காட்டினால், எழுதப்பட்ட வரலாறு தொடங்குமுன் இக்கரையில் மனிதர் வாழ்ந்து இறந்தோரைக் கற்பலகைகளுக்குள் அடக்கம் செய்தனர் என்பது பாடநூலின் எந்தப் படத்தைவிடவும் நன்றாகப் பதியும். இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. ஊர் சார்ந்த கல்வி என்ற பெயரில் மீனவர் பிள்ளைக்கு மீனையும் விவசாயி பிள்ளைக்கு மண்வெட்டியையும் மட்டும் கொடுத்து நிறுத்துவது, இனிய சொல்லால் போர்த்திய அநியாயம். களப்பிலிருந்து தொடங்கும் பாடம் அட்சரகணிதத்தில் போய் முடிய வேண்டும். அதற்கு வாசிக்கத் தெரிந்த பிள்ளையும் கற்பிக்கத் தெரிந்த ஆசிரியரும் முதலில் வேண்டும்.

வாசிப்பில் பின்தங்கிய மேல்வகுப்புப் பிள்ளைகளை மீட்க முடியும் என்பதற்குத் தமிழருக்கு அருகிலேயே எடுத்துக்காட்டுகள் உள்ளன. இந்தியாவின் பிரதம் என்ற கல்வி அமைப்பு, வயதையும் வகுப்பையும் ஒதுக்கிவைத்து, பிள்ளைகளை அவர்களுடைய உண்மையான வாசிப்பு நிலைக்கு ஏற்பக் குழுக்களாகப் பிரித்து நாள்தோறும் ஒரு குறித்த நேரம் பயிற்றுவிக்கும் முறையைப் பல மாநிலங்களில் பரப்பியது. அம்முறை பயன் தருகிறது என்பதைப் பொருளியலாளர்களான அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் களச் சோதனைகளின் மூலம் நிறுவினர். தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறை 2025 இல் 'திறன்' என்ற பெயரில் 6 முதல் 9 ஆம் வகுப்புவரை உள்ளவர்களைத் தமிழ், ஆங்கிலம், கணிதம் ஆகியவற்றில் சோதித்து, அடிப்படை குறைந்தவர்களுக்குத் தனிப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது. ஆறாம் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று ஓர் அரசு வெளிப்படையாக ஒப்புக்கொள்வதே அத்திட்டத்தின் முதற் சிறப்பு.

கல்குடா வலயம் அதே ஒப்புதலைச் செய்யலாம். வாகரைக் கல்விக் கோட்டத்தின் எல்லா 6 ஆம் தர மாணவரையும் முதலாம் தவணை தொடங்கும் வாரத்தில் ஒருவர் ஒருவராக அழைத்து, ஒரு பக்கத் தமிழ்ப் பத்தியை வாசிக்கச் செய்து, அதிலிருந்து நான்கு கேள்விகளும் எளிய பின்னக் கணக்குகள் இரண்டும் கேட்டால், எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்பது தெரிந்துவிடும். தடுமாறும் பிள்ளைகளுக்கு அவ்வாண்டு முழுவதும் நாளொன்றுக்கு ஒரு பாடவேளையை வாசிப்புக்கென்று ஒதுக்கலாம். அதற்கு நேரசூசியில் எந்தப் பாடத்தைக் குறைப்பது என்பதை அதிபரின் பொறுப்புக்கு விட்டுவிடலாம். அந்தப் பாடவேளையை எடுக்க, எழுத்தறிவித்துப் பழகிய ஆரம்பப் பிரிவு ஆசிரியரே பட்டதாரியைவிடத் தகுந்தவர். கணிதப் பட்டதாரியின் நேரத்தில் ஒரு பகுதி கட்டாயம் ஆறாம், ஏழாம் தரங்களுக்குச் செல்ல வேண்டும் என்று மாகாணக் கல்வித் திணைக்களம் சுற்றறிக்கை விடலாம். உணவுத் திட்டத்தை இப்பிரதேசத்தில் மட்டுமாவது ஒன்பதாம் தரம்வரை நீட்டுமாறு மத்திய அரசைக் கேட்கலாம். பின்னவை இரண்டுக்கும் கையொப்பமும் பணமும் வேண்டும், காலம் எடுக்கும். வாசிப்புச் சோதனைக்கு அச்சிட்ட ஒரு தாளும் ஒரு வாரமும் போதும். வலயக் கல்விப் பணிப்பாளர் அதை அடுத்த ஆறாம் தர வகுப்பிலிருந்தே தொடங்க வேண்டும்.